எத்தனையாவது இடம் என்று கேட்கும் முன்

எஸ்.பி.எம். முடிவுகள் வந்து கல்விக் கண்காட்சிகள் களைகட்டும் நாள்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும். “சார், இந்தப் பல்கலைக்கழகம் உலகத்தில எத்தனையாவது இடம்?” பிள்ளை வாய் திறப்பதற்குள் அப்பா கேட்டுவிடுவார். என்ன பாடம், யார் கற்பிக்கிறார்கள், ஆய்வுக்கூடம் எப்படி, செலவு எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மேசைக்குப் பின்னால் இருப்பவர் ஓர் எண்ணைச் சொல்வார். எண் சிறியதாக இருந்தால் முகம் மலரும். பெரியதாக இருந்தால் குடும்பமே அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடும்.

அறிவியல் கற்பிக்கும் எனக்கு ஓர் எண்ணைப் பார்த்தவுடன் வேறு கேள்விகள்தான் எழும். இதை எந்தக் கருவியால் அளந்தார்கள்? பிழை எவ்வளவு? மீண்டும் அளந்தால் இதே எண் வருமா? நீங்கள் ஆய்வுக்கூட அறிக்கை எழுதும்போது உங்கள் ஆசிரியர் கேட்கும் அதே கேள்விகள்தாம். உங்கள் வாழ்க்கையின் மூன்று நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கப் போகும் எண்ணிடம் அவற்றைக் கேட்காமல் விடலாமா?

இதற்கு விடை தேட நல்ல இடம் ஐரோப்பா. கடந்த கால் நூற்றாண்டில் அங்கே உயர்கல்வியில் இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்தன. முதலாவது, பல நாடுகள் கூடிப் பேசிப் பட்டப்படிப்புக்கு ஒரு பொது அலகை உருவாக்கின. இரண்டாவது, உலகத் தரவரிசைப் பட்டியல்களைப் பார்த்து அதிர்ந்து, அவற்றில் மேலே ஏறுவதற்காகத் தம் பல்கலைக்கழகங்களை மாற்றி அமைக்கத் தொடங்கின. முதல் மாற்றம் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இரண்டாவது மாற்றத்தின் பலன் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் விளம்பரப் பலகைக்கே போய்ச் சேர்ந்தது. இது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

ஒரே அலகு வந்த கதை

ஒரு காலத்தில் ஒவ்வொரு நாட்டிலும் துணியை அளக்க ஒவ்வோர் அளவு இருந்தது. மீட்டர் வந்த பிறகுதான் ஓர் ஊர் வணிகரும் இன்னோர் ஊர் வணிகரும் சண்டையில்லாமல் விலை பேச முடிந்தது. 1990களின் இறுதி வரை ஐரோப்பியப் பட்டங்களும் அப்படித்தான் இருந்தன. பிரிட்டனில் மூன்றாண்டில் இளங்கலைப் பட்டம் கிடைக்கும். ஜெர்மனியில் பொறியியல் மாணவர் ‘டிப்ளோம்’ என்ற பட்டத்துக்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் படிப்பார். இடையில் நிறுத்திவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. இத்தாலியின் பட்டம் வேறு, பிரான்சின் பட்டம் வேறு. ஒரு நாட்டில் படித்ததை அடுத்த நாட்டில் எந்த நிலையில் வைப்பது என்பதே பெரிய தலைவலி.

1998 மே 25 அன்று பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் ஆகிய நான்கு நாடுகளின் கல்வி அமைச்சர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு, 1999 ஜூன் 19 அன்று, இத்தாலியின் பொலோஞா நகரில் 29 நாடுகளின் அமைச்சர்கள் கூடினார்கள். அந்த நகரத்தின் பல்கலைக்கழகம் 1088-இல் தோன்றியதாகச் சொல்வது மரபு. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அது. அங்கே எடுத்த முடிவுகளும் தொடர்ந்து வந்த மாற்றங்களும் ‘பொலோஞா செயல்முறை’ என்று அழைக்கப்படுகின்றன. 2010-இல் ‘ஐரோப்பிய உயர்கல்விப் பரப்பு’ என்ற பெயரில் அது முறையாக அறிவிக்கப்பட்டது. இன்று 49 நாடுகள் அதில் இருக்கின்றன. உக்ரேன் போருக்குப் பிறகு 2022-இல் ரஷ்யா, பெலாருஸ் ஆகியவற்றின் பிரதிநிதித்துவ உரிமை நிறுத்திவைக்கப்பட்டது.

அவர்கள் செய்தது என்ன? படிப்பை இளங்கலை, முதுகலை, முனைவர் என்று மூன்று படிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதை ‘கிரெடிட்’ என்ற பொது அலகில் எழுதினார்கள். இந்த அலகு முதன்முதலில் 1989-இல் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்காக உருவானது. பொலோஞாவுக்குப் பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது.

கணக்கு எளிது. முழுநேர மாணவர் ஓராண்டில் செய்யும் வேலை 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. விரிவுரை மட்டும் இதில் அடங்காது. ஆய்வுக்கூட வேலை, நூலகத்தில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்ந்துதான் இந்த மணிநேரம். மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட். மணிக்கணக்கில் 4,500 முதல் 5,400 வரை.

இப்போது நம் நாட்டைப் பாருங்கள். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். 120-ஐ 40-ஆல் பெருக்கினால் 4,800 மணி நேரம். ஐரோப்பிய அளவுக்குச் சரியாக உள்ளே வந்து உட்காருகிறது! “அங்கே 180, இங்கே 120தானா?” என்று பயப்படத் தேவையில்லை. அலகு வேறு, அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அங்குலத்தை சென்டிமீட்டராக மாற்றுவது போன்ற வேலை இது.

அலகு ஒன்றானால் ஆள் நடமாட முடியும். எராஸ்மஸ் திட்டம் 1987-இல் தொடங்கியபோது முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் போனார்கள். இன்று வரை பங்கேற்றோர் 10 மில்லியனுக்கும் அதிகம். போர்ச்சுகலில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி, ஒரு பருவத்தைப் போலந்தில் படித்து, அங்கே பெற்ற கிரெடிட்டோடு வீடு திரும்பலாம். அங்கே படித்த பாடத்தை மறுபடியும் எழுது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதுதான் திட்டத்தின் உயிர்.

எல்லாம் இனிப்பாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் ஐந்தாண்டுப் பாடத்தைப் பல துறைகளில் மூன்றாண்டுக்குள் திணித்தார்கள். தேர்வு மேல் தேர்வு. விழுங்கு, தேர்வில் கக்கு, மற என்ற நிலை வந்துவிட்டதாக மாணவர்கள் கொதித்தார்கள். 2009-இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் பெரிய விரிவுரை மண்டபத்தையே கைப்பற்றி அங்கேயே தங்கிப் போராடினார்கள். ஜெர்மனியிலும் போராட்டம் பரவியது. தேர்வுச் சுமையைக் குறைக்க ஜெர்மன் மாநில அமைச்சர்கள் இறங்கிவர வேண்டியிருந்தது. மணிக்கணக்கில் உழைப்பை எழுதிவைத்ததில் ஒரு நன்மையும் இங்கே தெரிந்தது. “ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்றீர்கள், இந்தப் பாடத்துக்கு அதைவிட அதிகமாகிறதே” என்று கணக்கோடு கேட்க மாணவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. அலகு பொதுவாக இருந்தால் பலவீனமானவரும் கேள்வி கேட்கலாம்.

ஷாங்காயிலிருந்து வந்த அதிர்ச்சி

2003-இல் சீனாவின் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அதன் முதல் நோக்கம், உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் சீனப் பல்கலைக்கழகங்கள் எங்கே நிற்கின்றன என்று அறிவது. ஆனால், இடி விழுந்தது ஐரோப்பாவில். முதல் பத்து இடங்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே நிறைந்திருந்தன. ஐரோப்பாவிலிருந்து கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் இரண்டு மட்டுமே. பல்கலைக்கழகம் என்ற ஒன்றையே உலகுக்குத் தந்ததாகப் பெருமைப்பட்ட பிரான்சும் ஜெர்மனியும் இத்தாலியும் அங்கே இல்லை.

அடுத்த ஆண்டே பிரிட்டனின் டைம்ஸ் உயர்கல்வி இதழும் கியூ.எஸ். நிறுவனமும் சேர்ந்து இன்னொரு பட்டியலைக் கொண்டுவந்தன. 2010-இல் இருவரும் பிரிந்து தனித்தனிப் பட்டியல் போட்டார்கள். இன்று கண்காட்சிகளில் நீங்கள் பார்க்கும் எண்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வருபவை.

ஷாங்காய் பட்டியல் எதை அளக்கிறது தெரியுமா? நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் வென்ற பழைய மாணவர்களுக்கு 10 விழுக்காடு, வென்ற ஆசிரியர்களுக்கு 20 விழுக்காடு. அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களுக்கு 20. ‘நேச்சர்’, ‘சயன்ஸ்’ என்ற இரண்டு இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு 20. மொத்த ஆய்வுக் கட்டுரைகளுக்கு 20. மீதி 10 விழுக்காடு, இவற்றை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து வருவது. கூட்டினால் 100. இதில் வகுப்பறை எங்கே? முதலாண்டு மாணவருக்குக் கால்குலஸ் புரியும்படி சொல்லிக்கொடுத்தார்களா என்பதற்கு எத்தனை மதிப்பெண்? ஒன்றும் இல்லை.

இது பொய்யான பட்டியல் அல்ல. ஆய்வின் அளவைக் காட்டும் பட்டியல். வெப்பமானி காய்ச்சலைச் சரியாகக் காட்டும். அதை வைத்துக் கண்பார்வையைச் சோதிக்க முயன்றால் குற்றம் வெப்பமானியுடையது அல்ல.

அளவுகோலில் உள்ள ஓட்டைகள்

ஐரோப்பாவில் நடந்த மூன்று உண்மைச் சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நோபல் பரிசு யாருக்குச் சேரும்? 2021-இல் வேதியியல் நோபல் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மெக்மில்லன். மற்றவர் ஜெர்மனியின் பெஞ்சமின் லிஸ்ட். இருவரும் சிறிய கரிம மூலக்கூறுகளை வினையூக்கிகளாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டறிந்தவர்கள். ஒரே கண்டுபிடிப்பு, ஒரே பரிசு. ஆனால், லிஸ்ட் பணியாற்றுவது மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில். ஜெர்மனியில் உயர்ந்த ஆய்வுகள் பலவும் இப்படிப்பட்ட தனி நிலையங்களில் நடக்கின்றன. அவை பல்கலைக்கழகங்கள் அல்ல. ஆகவே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் ஏறுகிறது. ஜெர்மனியின் பங்கு பல்கலைக்கழகப் பட்டியலின் ஓரத்தில் நின்றுவிடுகிறது. ஜெர்மானியர்கள் அறிவியலில் பின்தங்கியவர்களா? இல்லை. அவர்கள் வீட்டைக் கட்டிய விதம் வேறு.

இரண்டாவது, ஐன்ஸ்டைன் யாருக்குச் சொந்தம்? போருக்கு முன் பெர்லின் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்றவர்கள் பலர் இருந்தார்கள். ஐன்ஸ்டைன் அவர்களுள் ஒருவர். போருக்குப் பின் நகரம் இரண்டானது. பழைய பல்கலைக்கழகம் கிழக்கில் ஹும்போல்ட் பல்கலைக்கழகம் ஆனது. மேற்கில் 1948-இல் சுதந்திரப் பல்கலைக்கழகம் உருவானது. பழைய பெருமைக்கு வாரிசு யார் என்ற வழக்கு ஷாங்காய் பட்டியலில் வெடித்தது. யாருடைய கணக்கில் சேர்த்தாலும் அவர் மேலே போவார், மற்றவர் கீழே போவார். சர்ச்சை தீராததால் சில ஆண்டுகள் இரண்டு பல்கலைக்கழகங்களையுமே பட்டியலிலிருந்து விலக்கிவைத்தார்கள். இன்று பெர்லினில் படிக்கப் போகும் மாணவருக்கு ஐன்ஸ்டைன் வந்து பாடம் நடத்தப் போவதில்லை. இருந்தும் அவர் பெயர் இடத்தை முடிவு செய்தது.

மூன்றாவது, கூட்டல் வித்தை. பிரான்சில் பாரிசுக்குத் தெற்கே பல நிலையங்களை ஒன்றிணைத்து ‘பாரிஸ்-சாக்லே பல்கலைக்கழகம்’ உருவாக்கினார்கள். அதன் மையமான பழைய பாரிஸ்-சுட் பல்கலைக்கழகம் 2019 ஷாங்காய் பட்டியலில் 37-ஆவது இடத்தில் இருந்தது. 2020-இல் புதிய பெயரோடு வந்தபோது 14-ஆவது இடம்! பிரான்ஸ் கொண்டாடியது. கட்டுரைகளையும் பரிசுகளையும் மொத்தமாக எண்ணும் பட்டியலில் மூன்று குவளை நீரை ஒரு வாளியில் ஊற்றினால் வாளி நிறைந்ததாகத் தெரியும். நீரின் அளவு கூடியதா? இணைப்பினால் ஆய்வாளர்கள் சேர்ந்து பணியாற்றும் வாய்ப்பு வந்தது உண்மை. ஆனால், ஓராண்டில் ஏறிய 23 படிகளும் கற்பித்தல் சிறந்ததால் வந்தவை அல்ல.

நமக்கும் நடந்தது

இது ஐரோப்பாவின் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2004-இல் டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 89-ஆவது இடத்தைப் பிடித்தது. முதல் நூறுக்குள் வந்துவிட்டோம் என்று பாராட்டுப் பதாகைகள் எழுந்தன. அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகம் 169-ஆவது இடம். ஓராண்டில் 80 படி சறுக்கல். நாடே அதிர்ந்தது, நாடாளுமன்றத்திலும் பேச்சானது.

என்ன நடந்தது? பேராசிரியர்கள் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்களா? நூலகம் எரிந்துவிட்டதா? ஒன்றும் இல்லை. எத்தனை வெளிநாட்டவர் படிக்கிறார்கள், கற்பிக்கிறார்கள் என்பதும் அந்தப் பட்டியலில் ஓர் அளவு. 2004-இல் சீன, இந்திய வம்சாவளி மலேசியர்களையும் வெளிநாட்டவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அடுத்த ஆண்டு அதைத் திருத்தியதும் இடம் சரிந்தது. இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே படித்த உங்கள் அண்ணனையும் அக்காளையும் அந்தப் பட்டியல் அந்நியராக எண்ணியிருக்கிறது! எண்ணை நம்பிப் பதாகை கட்டியவர்கள் அது எப்படி வந்தது என்று அன்றே கேட்டிருந்தால், மறு ஆண்டு தலைகுனிய நேர்ந்திருக்காது.

அதே மலாயாப் பல்கலைக்கழகம் இன்று கியூ.எஸ். பட்டியலில் 60-ஐ ஒட்டி நிற்கிறது. 2025 பதிப்பில் 60, 2026 பதிப்பில் 58. மகிழ்ச்சிதான். ஆனால், 89-இலிருந்து 169-க்கு விழுந்தபோது நான் கேட்ட கேள்வியை 60-இலிருந்து 58-க்கு ஏறும்போதும் கேட்பேன். இதுதான் நேர்மை.

எடையை மாற்றினால் வரிசை மாறும்

ஒரு சிறு கணக்கு. கற்பனையாக இரண்டு பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொள்வோம். ‘அ’ பல்கலைக்கழகத்துக்கு ஆய்வில் 90, கற்பித்தலில் 60. ‘ஆ’ பல்கலைக்கழகத்துக்கு ஆய்வில் 70, கற்பித்தலில் 85.

ஆய்வுக்கு 60 விழுக்காடு, கற்பித்தலுக்கு 40 விழுக்காடு என்று எடை கொடுத்தால், ‘அ’ பெறுவது 54 கூட்டல் 24, அதாவது 78. ‘ஆ’ பெறுவது 42 கூட்டல் 34, அதாவது 76. ‘அ’ முதலிடம்.

இப்போது இரண்டுக்கும் சரிபாதி எடை கொடுங்கள். ‘அ’ 75, ‘ஆ’ 77.5. ‘ஆ’ முதலிடம்! இரண்டு பல்கலைக்கழகங்களிலும் ஒரு செங்கல்கூட நகரவில்லை. எடைதான் 10 விழுக்காடு நகர்ந்தது.

இந்த எடை உங்களுக்குப் புதியதல்ல. அரசுப் பல்கலைக்கழக நுழைவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று நீங்கள் அறிவீர்கள். அதை 80-க்கு 20 என்று மாற்றினால் யார் உள்ளே வருவார், யார் வெளியே நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள். எடை போடுவது ஒரு முடிவு. அந்த முடிவை ஒருவர் எடுக்கிறார்.

கியூ.எஸ். பட்டியலே 2024 பதிப்பில் தன் எடைகளை மாற்றியது. கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் போடும் ‘நற்பெயர்’ மதிப்பெண் 40 விழுக்காட்டிலிருந்து 30-க்கு இறங்கியது. மாணவருக்கு எத்தனை ஆசிரியர் என்ற அளவு 20-இலிருந்து 10-க்குக் குறைந்தது. முதலாளிகளின் கருத்து 10-இலிருந்து 15-க்கு ஏறியது. புதிதாக மூன்று அளவுகள் நுழைந்தன. அந்த ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் ஏறினால், அது வளர்ந்ததா, கோல் சுருங்கியதா என்று எப்படிச் சொல்வது? ஆய்வுக்கூடத்தில் பாதிச் சோதனையில் அளவுகோலை மாற்றினால் உங்கள் ஆசிரியர் விடுவாரா?

துல்லியம் பற்றியும் ஒரு சொல். மீட்டர் கோலால் அளந்துவிட்டு 12.347 சென்டிமீட்டர் என்று எழுதினால் சிவப்பு மையால் சுழிப்போம். கோலுக்கு அத்தனை நுண்மை கிடையாது. பட்டியலின் நடுப்பகுதியில் மதிப்பெண்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஆகவேதான் ஷாங்காய் பட்டியல் முதல் 100-க்குப் பிறகு தனி இடம் கொடுப்பதில்லை. 101 முதல் 150 வரை, 151 முதல் 200 வரை என்று கூட்டமாக அறிவிக்கிறது. அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கிறது.

விளையாட்டு அல்ல இது

“பட்டியல்தானே சார், பிடிக்காவிட்டால் பார்க்காமல் போகலாமே” என்று நீங்கள் கேட்கலாம். போக முடியாது. அரசாங்கங்கள் அதைக் கையில் எடுத்துவிட்டன.

ஜெர்மனி 2005-இல் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுகளுக்கும் 1.9 பில்லியன் யூரோ ஒதுக்கும் திட்டத்தை ஏற்றது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏறக்குறையச் சமம் என்ற அந்நாட்டின் பழைய எண்ணம் அன்றோடு மாறியது. ரஷ்யா, 2020-க்குள் ஐந்து பல்கலைக்கழகங்களை உலகின் முதல் 100-க்குள் கொண்டுவருவோம் என்று ஒரு பெரிய திட்டம் போட்டது. இலக்கு எட்டவில்லை.

தனிமனிதருக்கும் இது தொடுகிறது. பிரிட்டன் 2022 மே மாதம் ஒரு புதிய வேலை விசாவைத் தொடங்கியது. தொடங்கியபோது, மூன்று பட்டியல்களில் குறைந்தது இரண்டில் முதல் 50-க்குள் இருந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவருக்கே அது என்று இருந்தது. நெதர்லாந்தும் வெளிநாட்டுப் பட்டதாரிகள் வந்து வேலை தேடும் அனுமதிக்கு முதல் 200 இடங்களைப் பார்க்கிறது. பிரிட்டனின் முதல் பட்டியலில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஒன்றுகூட இல்லை. ஓர் இளைஞரின் திறமையை அவரைப் பார்க்காமலே, அவர் படித்த இடத்தின் எண்ணை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பட்டியல்கள் வந்திராவிட்டால் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல பழம்பெருமையில் தூங்கியிருக்கும். தரவுகளை வெளியே வைக்க வேண்டிய கட்டாயமும் அவற்றால்தான் வந்தது. வெளிநாட்டில் யாரையும் தெரியாத ஒரு தோட்டப்புறக் குடும்பத்துக்கு, போலிக் கல்லூரியையும் உண்மைப் பல்கலைக்கழகத்தையும் பிரித்தறிய ஒரு தொடக்கப்புள்ளியாகப் பட்டியல் உதவும். அதை மறுப்பது நேர்மையாகாது. தொடக்கப்புள்ளியை முடிவுப்புள்ளியாக ஆக்குவதுதான் பிழை.

ஐரோப்பாவிலேயே இந்தப் பிழையை உணர்ந்தவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023-இல் டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலுக்குத் தரவு கொடுப்பதை நிறுத்தியது. ஒரு பல்கலைக்கழகத்தின் தரத்தை ஒரே எண்ணில் அடக்க முடியாது, போட்டியைவிட ஒத்துழைப்பு முக்கியம் என்றது. 2024-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகமும் அதே முடிவை அறிவித்தது. தரத்தை விட்டுவிட்டுக் கட்டுரை எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையை இந்தப் பட்டியல்கள் தூண்டுகின்றன என்பது அதன் வாதம். இரண்டுமே பட்டியலில் நல்ல இடத்தில் இருந்தவை. தோற்றவர்கள் புலம்புகிறார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் என்ன கேட்பது?

அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது ஒரு தாளில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் படிக்கப் போகும் துறை இங்கே எப்படி? பல்கலைக்கழகத்தின் மொத்த இடத்துக்கும் உங்கள் துறையின் தரத்துக்கும் தொடர்பு இல்லாமல் போகலாம்.

பட்டத்துக்கு ஏற்பு இருக்கிறதா? மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலைப் பாருங்கள். பொறியியல் என்றால் வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் வருகிறதா என்று கேளுங்கள். மலேசியா 2009 முதல் அதில் முழு உறுப்பினர். உள்நாட்டுப் படிப்பு என்றால் மலேசியத் தகுதி முகமையின் பதிவேடு இருக்கிறது. உலகின் எந்தத் தரவரிசையும் இந்த ஏற்புக்கு ஈடாகாது.

முதலாண்டு வகுப்பை யார் எடுக்கிறார்கள்? ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்? என் கிரெடிட்டை வேறு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோக முடியுமா?

மொத்தச் செலவு எவ்வளவு? ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால், பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். இதெல்லாம் எந்த வரிசை எண்ணிலும் தெரியாது. வீட்டை அடமானம் வைக்கும் நிலைக்கு அப்பாவைக் கொண்டுபோகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கடைசியாக, எண்ணையும் கேளுங்கள். தப்பில்லை. கேட்டதும் அடுத்த கேள்வியையும் கேளுங்கள். “எந்தப் பட்டியலில்? எந்த ஆண்டு? அந்தப் பட்டியல் எதை அளக்கிறது?” மேசைக்குப் பின்னால் இருப்பவர் தெளிவாகப் பதில் சொன்னால் அந்தப் பல்கலைக்கழகத்தின்மேல் எனக்கு மதிப்பு கூடும். தடுமாறினால் நீங்கள் அறிவியல் மாணவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த மேசைக்கு நடையைக் கட்டுங்கள்.